பாண்டான் மணக்கும் புலி, துளசி தேடும் ஈ

பினாங்கில் பழைய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இரவு அடுப்படி ஓய்ந்து வெகுநேரம் ஆன பிறகு, எங்கிருந்தோ பாண்டான் இலை மணம் வரும். நாசி லெமாக்குக்கு யாரும் சோறு ஆக்கவில்லை. கூரைமேல் மூசாங் போகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் அதற்கு மூசாங் பாண்டான் என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் மரநாய் என்கிறோம். அதன் வாலடியில் சுரப்பிகள் இருக்கின்றன. போகிற வழியெல்லாம் உத்தரத்திலும் கிளையிலும் பின்பக்கத்தைத் தேய்த்து, இந்த வழி என்னுடையது என்று சக மரநாய்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. மிரண்டால் அதே சுரப்பிகளிலிருந்து நாற்றத்தைப் பீய்ச்சி எதிரியை விரட்டுகிறது.

விலங்குகளின் மணங்களைப் பற்றிப் பாடநூல்கள் சொல்லும்போது பெட்டி பிரித்துச் சொல்வது வழக்கம்: தற்காப்புக்கு ஒன்று, இணை தேட ஒன்று, எல்லை குறிக்க ஒன்று. எனக்கு அந்தப் பெட்டிகளில் நம்பிக்கை இல்லை. உயிர்கள் ஒரே சுரப்பை, பல சமயம் ஒரே மூலக்கூறை, ஓரிடத்தில் படைக்கலமாகவும் இன்னோரிடத்தில் தூதாகவும் பயன்படுத்துகின்றன. ஒரு மணத்தின் பொருள் அதை முகரும் உயிரைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொள்ள நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பினாங்குத் தீவின் அடுப்படியும் மாமரமும் துளசித் தொட்டியும் போதும்.

முதலில் அந்தப் பாண்டான் மணம். பாண்டான் இலைக்கும் பாஸ்மதி போன்ற வாசனை அரிசிகளுக்கும் அந்த மணத்தைத் தருவது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் பொருள். அமெரிக்க வேதியியலாளர் ரான் பட்டரியும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்தில் இதை வெந்த சோற்றின் ஆவியில் கண்டுபிடித்தார்கள். 1983-இல் பாண்டான் இலையிலும் அதுவே இருப்பதாக அறிவித்தார்கள். ரொட்டியின் மேற்புறம் சிவக்கும்போதும் சோளம் பொரியும்போதும் எழும் மணத்திலும் அது உண்டு. மனித மூக்கு மிகச் சிறிய அளவிலேயே அதைக் கண்டுகொள்ளும்.

1990-இல் கொல்கத்தாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஆர். எல். பிரம்மச்சாரி தம் சகாக்களோடு சேர்ந்து நேச்சர் ஆய்விதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். புலி எல்லை குறிக்கப் பீய்ச்சும் திரவத்தில் அதே 2-அசிட்டைல்-1-பைரோலின் இருக்கிறது என்பதுதான் செய்தி. வாசனை அரிசி வேகும் மணம், புலி போன தடத்திலும் உண்டு. 2016-இல் பிந்துரோங்கின் முறை வந்தது. மலேசியக் காடுகளில் அத்திமரங்களை நாடி வாழும், கரடிபோல் கறுத்த, வாலால் கிளையைப் பற்றிக்கொள்ளும் விலங்கு அது, மரநாயின் குடும்பம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு காப்பகத்தில் இருந்த 33 பிந்துரோங்குகளின் சிறுநீரை ஆராய்ந்தபோது 29 சேர்மங்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தவறாமல் இருந்தது இந்த ஒரு மூலக்கூறுதான். பிந்துரோங் சிறுநீர் கழிக்கும்போது அதன் காலும் வாலும் நனைகின்றன. பிறகு கிளை கிளையாக அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிறது.

ஆக, ஓர் இலை, ஒரு தானியம், ஒரு பெரும்பூனை, ஒரு மரவிலங்கு. நால்வரிடமும் ஒரே மூலக்கூறு. நமக்கு அது பசியைக் கிளப்புகிறது. பிந்துரோங்குக்கு அது இங்கே வந்துபோனது யார் என்ற சேதி. உயிர்களின் வேதியியல் புதிய சரக்கைத் தேடி அலைவதைவிட, கையில் இருப்பதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதையே விரும்புகிறது. சிறுநீரும் வியர்வையும் சுரப்பும் எப்படியும் வெளியேறுகின்றன. அந்தக் கசிவை இன்னொருவர் முகர்ந்து பயன் பெறத் தொடங்கினால், நாளடைவில் கசிய விடுபவருக்கும் அதில் ஆதாயம் ஏற்பட்டால், கழிவு சேதியாகிவிடுகிறது. எல்லைக் குறிகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவையே.

புலியின் குறியில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அது வாலை உயர்த்தி, பின்னோக்கி, மரத்தண்டில் முகர்வதற்கு ஏற்ற உயரத்தில் பீய்ச்சுகிறது. அந்தத் திரவத்தில் சிறுநீரோடு கொழுப்பும் கலந்திருக்கிறது. மணம் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்துவைப்பது அந்தக் கொழுப்பு. மல்லிகையின் சாரத்தைச் சந்தன எண்ணெயில் ஏற்றிவைக்கும் அத்தர்க்காரரின் வேலை அது. ஜார்ஜ்டவுன் குட்டி இந்தியாவில் ஜவ்வாதும் அத்தரும் விற்கும் கடை முன்னால் நின்றால் இது எளிதாகப் புரியும். கோயில்களில் சுவாமிக்குச் சாத்தும் புனுகும் இந்தக் கதையைச் சேர்ந்ததே. புனுகுப்பூனையின் வாலடிச் சுரப்பியில் ஊறும் பசை அது. அதன் முக்கியப் பொருளான சிவட்டோன் 17 கரியணுக்கள் வளையமாகக் கோத்த கனமான மூலக்கூறு. 1926-இல் லியோபோல்ட் ருஜிக்கா அதன் அமைப்பைக் கண்டறிந்தபோது, அவ்வளவு பெரிய வளையம் நிலைத்து நிற்கும் என்று வேதியியலாளர்கள் நினைத்திருக்கவில்லை. கனமாக இருப்பதால் மெதுவாக ஆவியாகிறது, ஆகவே பல நாள் நிற்கிறது. புனுகுப்பூனைக்குத் தேவைப்பட்டதும் அதுதான், வாசனைத் தைலம் செய்பவருக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

எல்லைக் குறியை வாசிக்க ஒருவர் வேண்டும் என்பதை இங்கே சொல்லாமல் நகர முடியவில்லை. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, தீபகற்ப மலேசியக் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருக்கின்றன. இணைசேரும் பருவம் நெருங்கும்போது பெண்புலி அடிக்கடி பீய்ச்சி வைக்கிறது. அதை முகர்ந்து, மேலுதட்டைச் சுழித்து, அண்ணத்தில் உள்ள தனி முகர்வு உறுப்புக்கு மணத்தை ஏற்றி அறிந்துகொள்ள வேண்டிய ஆண்புலி அந்தக் காட்டிலேயே இல்லாமல் போகலாம். நெடுஞ்சாலையும் செம்பனைத் தோட்டமும் காட்டைத் துண்டாடும்போது அறுபடுவது நடைபாதை மட்டும் இல்லை, இந்தக் கடிதப் போக்குவரத்தும்தான். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்கள் காளை உதட்டைச் சுழிப்பதைப் பார்த்திருப்பார்கள். வேலை ஒன்றே, உறுப்பும் ஒன்றே.

யானையிடம் வருவோம். சங்கப் புலவர்கள் மதயானையைப் பாடும்போதெல்லாம் அதன் கன்னத்து மதநீரில் வண்டினம் மொய்ப்பதையும் சேர்த்துப் பாடினார்கள். அதைக் கவிமரபு என்று ஒதுக்கிவிடுவது எளிது. 2002-இல் பெட்ஸ் ராஸ்முசன், ஹெய்டி ரிடில், தமிழக வனத்துறையின் புகழ்பெற்ற யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி ஆகிய மூவரும் எழுதிய ஆய்வு நேச்சரில் வந்தது. முதன்முதலாக மதம் பிடிக்கும் இளம் ஆசிய யானையின் கன்னச் சுரப்பு தேன்போல் இனிய மணம் உடையது. தேனில் உள்ள சில சேர்மங்களே அதிலும் இருக்கின்றன. வயது ஏற ஏற அது கெட்ட நாற்றமாக மாறுகிறது. நான் இன்னும் சிறுவன், உன்னோடு போட்டிக்கு வரவில்லை என்று இளையது மூத்ததிடம் மணத்தால் சொல்கிறது; மூத்ததன் நாற்றம் கேட்டு இளையவை விலகிப்போகின்றன. அடிதடியில்லாமல் தீரும் தகராறு. அந்தத் தேன்மணத்தைப் புலவர்கள் தம் மூக்கால் அறிந்தே பாடியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

முதிர்ந்த மதநீரில் ஃபிரண்டாலின் என்ற பொருள் உண்டு. மரப்பட்டையைத் துளைக்கும் சில வண்டுகளும் தம் கூட்டத்தைத் திரட்ட அதே ஃபிரண்டாலினைத்தான் வெளியிடுகின்றன. பெண்யானை கருவுறத் தயாராகும்போது அதன் சிறுநீரில் தோன்றும் மூலக்கூறு ஒன்றை ராஸ்முசன் குழு 1996-இல் அடையாளம் கண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்களில் பெண் பூச்சி ஆணை அழைக்கப் பயன்படுத்தும் பொருள் அது. ஆனாலும் யானையைத் தேடி அந்துப்பூச்சி வருவதில்லை, அந்துப்பூச்சியைத் தேடி யானை போவதில்லை. பூச்சி விடும் அளவு யானைக்கு எட்டாத அளவு. பூச்சியோ அந்த ஒரு பொருளை மட்டும் நம்புவதில்லை, வேறு சிலவற்றோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால்தான் தன் இனம் என்று ஒப்புக்கொள்ளும்.

இனி மாமரம். பினாங்கில் தோட்டம் உள்ள வீட்டில் மாமரம் இருந்தால் அதில் முசுறு இருக்கும். மலாயில் கெரெங்கா. இலைகளை இழுத்துச் சேர்த்து, தம் புழுக்கள் விடும் பட்டுநூலால் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. கூட்டைக் குச்சியால் ஒரு தட்டு தட்டினால் முதலில் இலைக்குள்ளிருந்து மழைத்தூறல் போன்ற சலசலப்பு கேட்கும். மறுகணம் எறும்புகள் வெளியே கொட்டி, தாடையைத் திறந்து, வயிற்றைத் தலைக்கு மேல் வளைத்து நிற்கும். முசுறுக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கடித்து, கடித்த இடத்தில் வயிற்றுமுனையிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. எரிவது அந்த அமிலம். எறும்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்த செய்தியை ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரே 1671-லேயே பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் அந்தச் சில நொடிகளில் நடப்பது அமிலத்தோடு முடியவில்லை. ஆப்பிரிக்காவில் உள்ள முசுறின் நெருங்கிய உறவினத்தை வைத்து 1975-இல் வெளியான ஆய்வு அதை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியது. எறும்பின் தலைச் சுரப்பி ஒரே நேரத்தில் பல பொருள்களை விடுகிறது. லேசான ஹெக்சனல் நொடிகளில் பரவிச் சுற்றியுள்ளவற்றை உசுப்புகிறது. அடுத்து ஹெக்சனால் என்ற இன்னொரு பொருள் அவற்றை அந்த இடத்தை நோக்கி இழுக்கிறது. எளிதில் ஆவியாகாத வேறு பொருள்கள் கடிபட்ட இடத்திலேயே தங்கி, வருபவற்றைக் கடிக்க வைக்கின்றன. விழித்துக்கொள், வா, கடி என்ற மூன்று கட்டளைகளும் ஒரே சொட்டில் அடங்கியிருக்கின்றன. எது முதலில் சென்று சேர வேண்டும் என்பதை ஒவ்வொரு மூலக்கூறின் எடையே தீர்மானிக்கிறது. அபாயம் நீங்கியதும் லேசான பொருள் காற்றில் கரைந்து, தானாக அமைதி திரும்புகிறது. எல்லைக் குறி கனமாகவும், அபாயக் குரல் இலேசாகவும் இருப்பது இதனால்தான். தேனீயும் இதையே செய்கிறது. அது கொட்டும்போது கொடுக்கருகே கசியும் ஐசோஅமைல் அசிட்டேட் பழுத்த வாழைப்பழ வாடை அடிக்கும். மற்ற தேனீக்கள் அதைக் குறிவைத்து வரும். தேனெடுப்பவர் புகை போடுவதன் ஒரு காரணம் அந்த வாடையை மறைப்பது.

இந்த முசுறுக்கு மனிதர்கள் வேலை கொடுத்து வெகுகாலம் ஆகிறது. கி.பி. 304-ஐச் சேர்ந்த சீனக் குறிப்பு ஒன்று, ஆரஞ்சு மரங்களைப் பூச்சியிலிருந்து காக்க இந்த எறும்புகளை இலைக்கூட்டோடு சந்தையில் விற்றதைச் சொல்கிறது. எறும்பு பூச்சியைத் தின்பது ஒரு பக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: எறும்பு நடமாடிய மாங்காயில், எறும்பு இல்லாதபோதும், பழ ஈ முட்டையிடத் தயங்குகிறது. எறும்பு தன் இனத்துக்கு இட்ட குறியை ஈ ஒட்டுக்கேட்டுவிடுகிறது. ஒட்டுக்கேட்பதோடு நிற்காமல் திருடுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் முசுறுக் கூட்டுக்குள் வாழும் ஒரு குதிக்கும் சிலந்தி, அந்தக் கூட்டின் எறும்புப் புழுக்களைத் தின்று, அவற்றின் மேல்தோல் மணத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. காவல் எறும்புகள் முகர்ந்து பார்த்துவிட்டு, நம் கூட்டத்து ஆள்தான் என்று விட்டுவிடுகின்றன.

மணத்தையோ நஞ்சையோ தானே தயாரிக்காமல் கடன் வாங்குவதற்கு நம் ஊரில் இன்னொரு சாட்சி இருக்கிறது. செபராங் பிறையில் வயலை ஒட்டிய அடுக்குமாடிகளில் வசிப்பவர்களுக்கு அது பழக்கம். எறும்புபோல் மெலிந்து, ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி அமைந்த சிறு வண்டு. செமுட் செமாய் என்றும் சார்லி என்றும் சொல்வார்கள். நெல் அறுவடை முடிந்து வயல் கலைந்ததும் விளக்கு வெளிச்சத்தை நாடிப் பறந்து வருகிறது. அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. உடலில் ஊரும்போது நாம் அடித்து நசுக்கினால் அதன் இரத்தத்தில் உள்ள பீடரின் என்ற நஞ்சு தோலில் படுகிறது. ஒருநாள் கழித்து, கோடு இழுத்தாற்போல் சிவந்து கொப்புளிக்கும். அந்த நஞ்சைச் செய்வது வண்டே அல்ல, அதனுள் வாழும் ஒரு பாக்டீரியா. தாய் அதை முட்டை வழியே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால் வயலில் அலையும் ஓநாய்ச் சிலந்திகள் குஞ்சுகளைத் தின்னாமல் ஒதுக்குகின்றன. சிலந்திக்கு எதிராக வைத்த படைக்கலம் நம் கழுத்தில் வெடிக்கிறது. மேலே ஊர்ந்தால் ஊதிவிடுங்கள் அல்லது காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் கண்ணைத் தொடாமல் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடன் வாங்கிய மணத்தைத் தூதாகவும் கவசமாகவும் ஒருசேர மாற்றும் உயிர் ஒன்று இருக்கிறது. பலர் வெறுக்கும் பூச்சி அது. நான் வியந்து பார்ப்பது. கீழைப் பழ ஈ. பார்வைக்குச் சிறு குளவிபோல் இருக்கும். முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள், வயிற்றில் கறுப்பாக ஆங்கில T எழுத்துப் போன்ற ஒரு குறி. காலை நேரத்தில் வாசல் துளசியில் இரண்டு இலைகளைக் கிள்ளிக் கசக்கித் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுச் சற்று விலகி நின்று பாருங்கள். கொய்யாவோ மாவோ அருகில் இருந்தால் ஈ வரக்கூடும். வந்து உட்கார்ந்து, வாய்க்குழாயை நீட்டி, கசங்கிய இடத்தை ஒற்றி ஒற்றி எடுக்கும். கையை அசைத்தாலும் எளிதில் கிளம்பாது. உற்றுப் பார்த்தால் வயிற்றின் நுனி மழுங்கியிருக்கும். முட்டையிடும் ஊசி இல்லை. வருபவை ஆண்கள்.

இழுப்பது மீத்தைல் யூஜினால். துளசியிலும் ஜாதிக்காயிலும் கிராம்பிலும் உள்ள வாசனைப்பொருள். இந்தக் கவர்ச்சி வெளியுலகுக்குத் தெரிந்தது இந்தியாவில்தான். பீகாரின் பூசாவில் பூச்சியியலாளராக இருந்த ஹவ்லெட், கொசுவை விரட்டப் பூசிய சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் வருவதை 1912-இல் எழுதினார். 1915-இல் ஈயை இழுக்கும் பொருள் மீத்தைல் யூஜினால் என்று கண்டுசொன்னார். ஆனால் ஆண் ஈ அதை ஏன் தின்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. விடையின் பெரும்பகுதி பினாங்கிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டான் கெங் ஹோங்கும் ஜப்பானின் ரிட்சுவோ நிஷிடாவும் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். தின்ற மீத்தைல் யூஜினாலை ஆண் ஈ தன் உடலில் வேறு இரண்டு பொருள்களாக மாற்றி, குடலின் கடைசிப் பகுதியில் உள்ள சுரப்பியில் சேர்த்துவைக்கிறது. அந்தி மயங்கும் நேரத்தில் இலைமேல் நின்று, சிறகை விசிறி, அதைக் காற்றில் தூவுகிறது. பெண் ஈக்களுக்கு அது அழைப்பு. துளசி தின்ற ஆண், தின்னாத ஆணைவிட எளிதில் இணை பெறுகிறது.

அந்தச் சேமிப்பு பல்லிக்கு எதிரான கவசமாகவும் இருக்கிறது. சுவரில் ஓடும் வீட்டுப்பல்லிக்குப் பழ ஈ நல்ல இரை. ஆனால் மீத்தைல் யூஜினால் தின்ற ஈக்களை வைத்தபோது பல்லிகள் அவற்றை ஒதுக்கின. 1998-இல் வெளியான ஆய்வின் தலைப்பே தற்காப்பையும் இணைசேர்தலையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் பேசுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து டான், பாகற்காயையும் பூசணியையும் கெடுக்கும் இன்னொரு பழ ஈயிடமும் இதையே காட்டினார். அந்த ஈயின் காதல் மணத்தில் உள்ள பொருள்களே பல்லியை அண்டவிடாமல் செய்கின்றன. காதலியைக் கூப்பிடும் மணமும் பல்லியை விரட்டும் மணமும் வேறு வேறு அல்ல. இந்த ஈயை எந்தப் பெட்டியில் போடுவது?

காட்டில் இதை முன்னமே கண்டுகொண்ட செடிகள் உண்டு. பல்போஃபில்லம் வகை ஆர்க்கிட்கள் சில ஈக்குத் தேன் வைப்பதில்லை. சிலவற்றில் மீத்தைல் யூஜினால், வேறு சிலவற்றில் இஞ்சிக்கு உரிய ஜிஞ்சரோன். இதுதான் கூலி. மணத்தைத் தேடிவரும் ஆண் ஈ பூவின் உதட்டில் உட்கார்கிறது. அந்த உதடு கீல் வைத்ததுபோல் அமைந்தது. ஈ நகர்ந்ததும் எடை மாறி உதடு சட்டென்று மடங்க, ஈ பூவின் நடுத்தண்டில் மோதுகிறது. திமிறி வெளியேறும்போது மகரந்தப் பொதி அதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. செடிக்கு மகரந்தச் சேர்க்கை, ஈக்கு மணச்சரக்கு. இருவரும் ஏமாறாத வியாபாரம்.

விவசாயிகளும் இந்த மணத்தைத் தம் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். மீத்தைல் யூஜினாலும் பூச்சிமருந்தும் தோய்த்த பொருளைத் தீவெங்கும் போட்டு, பசிபிக் பெருங்கடலின் ரோட்டா தீவிலிருந்து இந்த ஈயை 1960களில் அடியோடு ஒழித்தார்கள். ரோட்டா கடல் சூழ்ந்த சிறு தீவு, வெளியிலிருந்து ஈ வருவது அரிது. பாலிக் புலாவில் ஒரு தோட்டக்காரர் தம் மரத்தில் மட்டும் போத்தல் பொறியைத் தொங்கவிட்டால் அந்த விளைவை எதிர்பார்க்க முடியாது. பொறியில் விழுவது ஆண் மட்டுமே. பழத்தைக் குத்துவது பெண். மிஞ்சும் சில ஆண்களே பல பெண்களுக்குப் போதும். ஏற்கெனவே துளசியிலோ ஆர்க்கிடிலோ வயிறார உண்ட ஆணுக்குப் பொறியின்மேல் நாட்டமும் குறைந்துவிடுகிறது.

அதனால் பொறி வைப்பவர்கள் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு வைக்க வேண்டும். பழம் பழுக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வைக்க வேண்டும். கொய்யாவுக்கும் நட்சத்திரப் பழத்துக்கும் பிஞ்சிலேயே பை கட்டுவது இன்றும் மிக நம்பகமான வழி. மாமரத்தில் முசுறு இருந்தால் மருந்தடித்து அழிக்காதீர்கள். உதிர்ந்த பழங்களை மரத்தடியில் விட்டுவைக்கக் கூடாது. புழு பழத்தைவிட்டு இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும் என்பதால், அவற்றை அன்றன்றே பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, வெயிலில் சில நாள் போட்டுவையுங்கள்.